அப்பாயிக்கு மூன்று பெயர்: தோட்டத்துப் பாட்டன் பாட்டியைப் பதிவுகளில் தேடும் விதம்

பாட்டியின் பெயரில் ஒரு பதிவும் கிடைக்கவில்லை என்றால், பதிவே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மலேசியத் தோட்டத்துப் பழைய ஆட்களில் ஒரே பெயரோடு வாழ்ந்து முடித்தவர்கள் குறைவு. சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீடுகளுக்கே) என் அப்பாயி குப்பாயிதான். ஐசியில், அதாவது அடையாளக் கார்டில், மாரியாயி. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் அம்மா பெயர் லெட்சுமி. மூவரும் ஒருவர்தானா, இல்லை தாத்தாவுக்கு இரண்டு சம்சாரமா என்று சொந்தத்துக்குள்ளேயே பேச்சு இருந்தது. அப்பாயியைப் பற்றிய பேச்சு என்பதால், அதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பெயரை ஓரமாக வையுங்கள். புருஷன் பெயர், தோட்டம், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அவரைச் சுற்றி இருந்ததைப் பிடியுங்கள். கல்யாணப் பத்திரம் கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். 1982 மார்ச்சில் புதிய திருமணச் சட்டம் நடப்புக்கு வரும்வரை, கோவிலிலோ வீட்டிலோ தாலி கட்டினாலே போதும், பதிவு கட்டாயமில்லை. ஆகவே பெண்களைத் தேட, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள்தான் நல்ல வழி. உங்கள் அப்பாவுடையது மட்டும் போதாது. பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் எல்லோருடையதையும் சேருங்கள். தொலைந்திருந்தால் பதிவுத் துறையில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றையும் பிறந்த தேதி வரிசையில் தரையில் பரப்பி வையுங்கள். எங்கள் வீட்டுப் பத்திரங்களில் பெரியப்பாவுக்கு அம்மா லெட்சுமி, அடுத்துப் பிறந்த அத்தைக்கு மாரியாயி, அதற்கடுத்து அப்பாவுக்கு மறுபடி லெட்சுமி. முதல் சம்சாரம் இறந்து இரண்டாம் தாரம் வந்திருந்தால், போன பெயர் திரும்பி வராது. இருவரும் ஒரே காலத்தில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலச் சட்டம் அதைத் தடுக்கவில்லை என்பதால் அதையும் பார்த்தாக வேண்டும். இரண்டு பெயரிலும் உள்ள பிள்ளைகள் சில மாத இடைவெளியில் பிறந்திருந்தால் நிச்சயமாக இரண்டு பெண்கள். எங்கள் வீட்டில் எந்த இரண்டு பிள்ளைக்கும் நடுவே இரண்டு வருஷத்துக்குக் குறையாத இடைவெளி. இது மட்டும் முடிவாகாது, ஆனாலும் பெரிய துப்பு.

அப்புறம் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு கட்டம் இருக்கிறது: பிறப்பைத் தெரிவித்தவர் யார் என்பது. அத்தையின் பத்திரத்தில் அங்கே தாத்தா பெயர் இருந்தது. அப்பா, பெரியப்பா பத்திரங்களில் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) பெயர். கிராணி தெரிவித்தபோதெல்லாம் லெட்சுமி, தாத்தா தெரிவித்தபோது மாரியாயி! அத்தையிடம் காட்டினேன். "செக்ரோல்ல ஏற்கெனவே ரெண்டு மாரியாயி இருந்தாங்க கண்ணு. சம்பள நாளுல குழப்பம் வருதுன்னு கிராணி லெட்சுமின்னு எழுதிட்டாரு" என்றார். செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் வேலை நாளும் சம்பளமும் எழுதும் பதிவேடு.

குப்பாயி என்பதற்கும் காரணம் உண்டு. பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிய வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பாயி, பிச்சை என்று கூப்பிடுவார்கள். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெயர் இருந்தால், அவருக்கு மூத்த பிள்ளைகளின் இறப்புப் பதிவையும் தேடிப் பாருங்கள். ஆண்களுக்கு வேறொரு கதை. பாட்டன் பெயரை வைத்த பிள்ளையை மருமகள் அந்தப் பெயர் சொல்லி அழைக்கமாட்டாள். அதனால் வீட்டில் சின்னத்தம்பி, ராசு என்று இன்னொரு பெயர் ஒட்டிக்கொள்ளும்.

ஐசிக்கு வருவோம். 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவித்தார்கள். அந்த ஆண்டே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் வைத்த அடையாளக் கார்டு வந்தது. தோட்டத்து ஆட்கள் பலருக்கு அன்று சொன்ன பெயர்தான் கடைசிவரை அரசாங்கப் பெயர். பின்னாளைய கார்டுகளில் 'என்கிற' என்ற பொருளில் @ குறி போட்டு இரண்டு பெயர் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், இரண்டிலும் தேடலாம்.

எழுத்துக் கூட்டலையும் நம்பாதீர்கள். ழ, ள, ல மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தைப் போட்டிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் பழனியாயி வெளியே வருவார். வேதக்காரக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். வீட்டில் ராயப்பன் அங்கே பீட்டராகவும், சூசை ஜோசப்பாகவும், சின்னப்பன் பாலாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது ஒரு சத்தியப் பிரமாணக் கடிதம். சேமநிதி, அதாவது வேலையாட்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு, 1951இல் தொடங்கியது. இறந்தவரின் பணத்தை எடுக்கப் போகும்போது பெயர் பொருந்தாவிட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் "இருவரும் ஒருவரே" என்று சத்தியம் செய்து கொடுப்பார்கள். அத்தையின் டிரங்குப் பெட்டியில் அப்பாயிக்கு அப்படி ஒன்று இருந்தது: லெட்சுமியும் மாரியாயியும் ஒருவரே என்று, அத்தையின் கைநாட்டோடு. பணத்துக்காக எழுதியது என்பதால் அதை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை. பத்திர வரிசையும் கிராணி விஷயமும் அதோடு ஒத்துப்போனதால்தான் ஏற்றுக்கொண்டேன்.

ஊர்ப்பக்கம், அதாவது தமிழ்நாட்டில், தேட வேண்டுமானால் பாட்டன் பாட்டியைக் கூட்டி வந்த கங்காணியின் ஊரைக் கேளுங்கள். பெரும்பாலான கங்காணிகள் தங்கள் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் கட்டினார்கள். 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தியதால், உதவிப் பயணத்தில் (கப்பல் செலவு தாமே கட்டாமல்) வந்தவர் என்றால் அதற்கு முந்தைய வருஷங்களைப் பாருங்கள். பெயர் பொருந்தாவிட்டாலும் தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தினால் குறித்து வையுங்கள்.

வம்சப் படத்தில் ஒரு பெயரை மட்டும் எழுதி மற்றதை அழிக்காதீர்கள். மூன்றையும் எழுதி, எது எந்தப் பத்திரத்தில், எந்த வருஷம், யார் சொன்னது என்று பக்கத்திலேயே போடுங்கள். எங்கள் படத்தில் இப்போது மாரியாயி, லெட்சுமி, குப்பாயி மூன்றும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன.