கொடையில் வில்லுப்பாட்டு கேட்பது எப்படி

அம்பாசமுத்திரம் பக்கத்தில் சித்திரை முதல் ஆடி வரை எந்த ஊரிலாவது சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ கொடை, அதாவது கோயில் திருவிழா, நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளி. எந்த ஊரில் என்று டீக்கடையில் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

காப்பு என்ற தொடக்க வணக்கப் பாட்டைப் பாடுவதற்கு முன்பே போய்விடுங்கள். ஒலிபெருக்கியின் அருகே மட்டும் உட்காராதீர்கள். அது எல்லா ஓசையையும் ஒன்றாக அரைத்துவிடுகிறது. குடம் அடிப்பவர் பக்கமாக மேடையை ஒட்டி அமருங்கள். வில்லை அடிக்கும் வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் மொத்தமாகக் குலுங்கும். அதனடியில் மண்குடத்தின் வாயில் மட்டை மோதும் ஓசை தரை வழியாகவே உடம்புக்கு வரும். கைபேசிப் பதிவில் இது எனக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை.

முதலில் குடத்தை மட்டும் கேளுங்கள். பிறகு உடுக்கையை. அதற்குப் பிறகு, தலைமைப் பாடகர் விட்ட அடியைப் பக்கப்பாட்டுக்காரர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். முத்துப்பட்டன் என்ற நாட்டார் வீரனின் கதை என்றால் நடுவில் எழுந்து போகவே கூடாது. மாடுகளைக் கவர்ந்தவர்களோடு அவன் மோதி மடியும் இடத்தில் தாளம் முறுகும். முன்வரிசைப் பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கதை தெரிந்தவர்கள்தான் அதிகம் அழுகிறார்கள்!

சாமியாடி வந்தால் வழிவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். கலைஞர்களுக்கு இயன்ற அன்பளிப்பைக் கையிலேயே கொடுங்கள்.

அதே கோயிலில் பாட்டும் ஆட்டமுமான கணியான் கூத்தும் இருந்தால், அதன் மகுடம் என்ற தோல்கருவியைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டும் நேரத்திலேயே அருகில் போய் நில்லுங்கள்.