நெருக்கடிக்குப் பிந்தைய சீர்திருத்தப் பேச்சை எப்படி எடைபோடுவது

நிதி நெருக்கடி வந்ததும் எல்லாத் தரப்பும் முதலாளித்துவத்தைத் திருத்துவது பற்றிப் பேசும். அமெரிக்க வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்த பத்தாம் நாளே, 2008 செப்டம்பர் 25 அன்று, பிரான்ஸ் அதிபர் சர்கோசி துலோன் நகரில் அப்படிப் பேசினார். இத்தகைய பேச்சுகளைக் கேட்கும்போது நான் ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பேசுபவர் பேராசையைக் குறை சொல்கிறாரா, விதிகளையா என்று குறியுங்கள். பேராசை மட்டும்தான் என்றால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம், அதைச் சட்டமாக்க முடியாது.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: அடுத்த நஷ்டத்தை யார் சுமப்பது? 100 ரூபாய் சொத்துள்ள வங்கியில் சொந்த மூலதனம், அதாவது கடன் வாங்காத உரிமையாளர் பணம், 3 ரூபாய் என்று வையுங்கள். சொத்து மதிப்பு 4 ரூபாய் சரிந்தாலே வங்கி திவால், மீட்கும் சுமை மக்கள் மேல். அதனால் மூலதன அளவை எண்ணால் சொல்பவரை நான் மதிக்கிறேன். நெருக்கடிக்குப் பின் வந்த பன்னாட்டு வங்கி விதிகளான பாசல் 3, இடர் எடையிட்ட சொத்தில் (ஆபத்து கூடினால் கூடுதலாகக் கணக்கிடப்படும் சொத்து) இந்தச் சொந்த மூலதனத்தின் குறைந்தபட்சத்தை 2 சதவீதத்திலிருந்து 4.5 ஆக்கின, அதற்கு மேல் 2.5 சதவீதக் காப்பு மூலதனமும் கேட்டன. எனக்கு இதுவும் போதாது என்றே படுகிறது.

மக்களின் சேமிப்பை வாங்கும் வைப்பு வங்கியையும், பங்கு, பத்திரங்களில் இயங்கும் முதலீட்டு வங்கியையும் பிரித்தால் போதும் என்பார்கள். சரி, லேமன் முதலீட்டு வங்கிதானே, பிரித்திருந்தாலும் அது விழுந்திருக்காதா?

சட்டம் வந்த பிறகும் நோட்டை மூடாதீர்கள். அமெரிக்காவின் 2010 நிதிச் சீர்திருத்தச் சட்டமான டாட்-ஃபிராங்கில், வங்கிகளைக் கடுமையாகக் கண்காணிப்பதற்கான வரம்பு 5,000 கோடி டாலர் சொத்து. 2018இல் அதை 25,000 கோடியாக உயர்த்தினார்கள். 2023 மார்ச்சில் விழுந்த சிலிக்கான் வேலி வங்கி அந்தப் புதிய வரம்புக்குக் கீழேதான் இருந்தது.