பழைய தேக்குப் பலகைக்கு நேர் ஓரம் எடுத்த விதம்
இடித்த வீட்டிலிருந்து வாங்கிய தேக்குப் பலகைகளில் ஒரு ஓரம்கூட நேராக இல்லை. கையில் பிடித்து ஓட்டும் மின் வட்ட ரம்பத்தோடு வரும் சின்ன கைடு அந்தக் கோணலையே பிடித்துக்கொண்டு போகும், அதனால் பயனில்லை. பிளைவுட்டின் கம்பெனி ஓரத்தை (ஆலையிலேயே நேராக வெட்டி வந்த ஓரம்) வழிகாட்டியாகப் பலகை மேல் வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டேன். ரம்பத்தின் அடித்தட்டு ஓரத்திலிருந்து பிளேடு பல் எவ்வளவு தூரமோ, வெட்ட வேண்டிய கோட்டிலிருந்து வழிகாட்டி அவ்வளவு தள்ளி.

அதற்கும் முன்னால் ஆணி. நல்ல காந்தத்தை இருபுறமும் மெதுவாக நகர்த்தினால், தலை உடைந்து உள்ளே புதைந்ததுகூட இழுத்துக் காட்டும். பிளேடின் கடினமான கார்பைடு பல் ஆணியில் பட்டால் உடைந்து தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

பிளேடு பலகைக்குக் கீழே 6 மி.மீ. எட்டினால் போதும். பலகை தொய்யாமல் தாங்க, அடியில் முழு நீளத்துக்கும் தெர்மோகோல் போட்டேன். வெட்டுவாய் (பிளேடு வெட்டிய பிளவு) மூடி பிளேடைக் கவ்வினால் ரம்பம் நம்மை நோக்கிப் பாயும். அதனால் நேர் பின்னால் நிற்காமல், ஒதுங்கி நின்றே தள்ளினேன்.