பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பல் பத்தி தேடுறது எப்படி? தியத்தலாவை நரியில இருந்தே ஆரம்பிப்போம்

பிரிட்டிஷ் நேவியோட பாய்மரக் கப்பல் பத்தி தேட கடற்கரையில பொறந்திருக்கணும்னு இல்லங்க, ஹட்டன்லயோ பதுளையிலயோ சிக்னல் கிடைக்கிற எடமா பாத்து போனோட உக்காந்தா பாதி வேல முடிஞ்சிரும். ஆனா நெறைய பேரு கப்பல் பேர கூகுள்ல அடிச்சு மொதல்ல வர்றத அப்படியே எடுத்துக்கிறாங்க, அங்கதான் வழி தப்புது. நேவிக்காரங்க ஒரே பேர திருப்பித் திருப்பி வச்சிருக்காங்க. அதனால பேரோட அந்தக் கப்பல கடல்ல எறக்குன வருஷம், அது என்ன ரகம், எத்தன பீரங்கி, இதெல்லாம் சேத்து தேடுங்க.

நம்ம இலங்கை மலைநாட்டுல இருக்கிற தியத்தலாவையையே எடுத்துக்குவோம். மலைச்சரிவுல வெள்ளையா ஒரு நரி உருவம் இருக்குல்ல, ஃபாக்ஸ் ஹில், அது எச்.எம்.எஸ். (பிரிட்டிஷ் ராஜாவோட கப்பல்ங்கிறதோட சுருக்கம்) ஃபாக்ஸ் கப்பல் ஆளுங்க போட்டதுன்னு சொல்லுவாங்க. சரி, எந்த ஃபாக்ஸ்? அந்த நரிக்கு சொந்தக்காரங்க வந்தது 1893ல எறக்குன நீராவி க்ரூசர்ல, பாய்மரக் காலமெல்லாம் முடிஞ்ச பெறகு. அதுக்கு முன்னாடி 1773ல எறக்குன 28 பீரங்கி ஃபாக்ஸ் ஒன்னு இருந்துச்சு, 1777ல அமெரிக்கக்காரங்க புடிச்சாங்க, பிரிட்டிஷ்காரங்க திரும்ப மீட்டாங்க, அடுத்த வருஷமே பிரெஞ்சுக்காரங்க கொண்டு போயிட்டாங்க. அப்புறம் 1780ல வந்த 32 பீரங்கி ஃபிரிகேட், அதாவது வேகமாப் போற நடுத்தரப் போர்க்கப்பல், இது 1798 ஜனவரியில சிபில்ங்கிற இன்னொரு கப்பலோட சேந்து பிரெஞ்சுக் கப்பல் மாதிரி வேஷம் போட்டு ஸ்பெயின்காரங்க கையில இருந்த மணிலா துறைமுகத்துக்குள்ளயே போயிருச்சு. அதுக்கு ஆறு மாசம் முன்னாடி, 1797 ஜூலையில, பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் ஸ்பெயின்காரங்களோட டெனரிஃப் தீவுல அடி வாங்குனப்போ மூழ்குனதும் ஒரு ஃபாக்ஸ்தான், ஆனா அது சின்ன கட்டர் படகு. ஒரே நேரத்துல ரெண்டு ஃபாக்ஸ்! வருஷம் மட்டும் பாத்தா கூட பத்தாதுன்னு இதுல தெரியுது.

1829ல எறக்குன ஃபாக்ஸ்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. 1852ல நடந்த பர்மா சண்டைக்கு முன்னாடி, 1851 நவம்பர்ல, கொமடோர் லாம்பர்ட் இதுலதான் ரங்கூனுக்குப் போனாரு. சண்டை நடந்தப்போ இந்தக் கடல் பக்கத்துக்கே பெரிய தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின், எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினோட தம்பி. 1852 அக்டோபர்ல பர்மாவுல செத்துப் போனாரு, அவரு கல்லறை திருகோணமலையில இருக்கு. ஒரு கப்பல ஒழுங்கா தொடந்து போனா நம்ம நாட்டு மண்ணுலயே வந்து நிக்குது பாருங்க.

எந்தக் கப்பல்னு முடிவு பண்றதுக்கு ரிஃப் வின்ஃபீல்ட் எழுதுன பட்டியல் புத்தகங்கள்தான் நம்பகமானது, கட்டுன எடம், அளவு, கேப்டன்மாரு, கடைசியில என்ன ஆச்சுன்னு எல்லாம் இருக்கும். கப்பலோட வரைபடம் வேணும்னா லண்டன் கிரீனிச்ல இருக்கிற கடல் மியூசியத்தோட வெப்சைட்ல பேரப் போட்டுப் பாருங்க, அநேகமா 48ல ஒரு பங்கு அளவுல வரைஞ்சிருப்பாங்க.

அசல் விஷயம் லண்டன் கியூவுல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துலதான். கேட்டலாக்க வீட்டுல இருந்தே சும்மா பாக்கலாம். கப்பல்ல அன்னன்னிக்கு நடந்தத எழுதி வச்ச நோட்டுதான் லாக் புக். கேப்டன்மாரு லாக் புக் ஏ.டி.எம். 51 (ஏ.டி.எம்.னா நேவி நிர்வாகமான அட்மிரால்டி ஆவணங்களோட வரிசைப் பேரு), கப்பலுக்கு வழி பாக்கிற மாஸ்டர்மாரோடது 52, 1799க்குப் பெறகு கப்பல் லாக் 53லயும் வருது. ஆள் பேர்ப் பட்டியல் 36, 37, 38ல தேடுங்க. லாக் புக் பக்கத்த மொத தடவ பாக்கிறப்போ தலை சுத்தும், ஆனா ஒவ்வொரு கட்டமா படிங்க, ஹெச்னா மணி, கே நாட், அதாவது கப்பலோட வேகம், எஃப் ஃபேதம், இங்க அது ஆழம் இல்ல, நாட்டோட சின்னப் பங்கு, பக்கத்துல போற திசையும் காத்தும், கடைசியா குறிப்பு. பேர்ப் பட்டியல்ல பேருக்கு நேரா டி போட்டிருந்தா எறங்கிட்டாருன்னு அர்த்தம், ரெண்டு டி போட்டிருந்தா செத்துட்டாரு, ஆர் போட்டிருந்தா ஓடிட்டாரு. 1764ல இருந்து வயசும் பொறந்த ஊரும் எழுதியிருப்பாங்க, ஒரு மனுஷனோட மொத்தக் கதையும் அந்த ஒரு வரிக்குள்ள கிடக்கும், அத அவசரமா தள்ளிட்டுப் போகாதீங்க.

இதுல பாதிக்கு மேல ஸ்கேன் பண்ணி நெட்ல போடல. லண்டன்ல மாமாவோ மச்சானோ இருந்தா கேளுங்க, ரீடர் டிக்கெட் ஃப்ரீ, சொந்த போன்லயே போட்டோ எடுக்கலாம். ஆனா போறவங்க கையில கேட்டலாக்ல இருக்கிற சரியான ஆவண நம்பர எழுதிக் குடுத்து அனுப்புங்க.

தேதியில கவனமா இருங்க. 1805 வரைக்கும் கப்பல்ல நாள் ஆரம்பிச்சது மத்தியானம் 12 மணிக்கு, அதுவும் கரையில இருக்கிறவங்களுக்கு அரை நாள் முன்னாடியே. அதாவது கரையில 13ஆம் தேதி பின்னேரம் நடந்தது லாக் புக்ல 14ன்னு இருக்கும். 1752 செப்டம்பருக்கு முன்னாடின்னா பழைய காலண்டர், 1700களோட தேதின்னா 11 நாள் வித்தியாசம் வரும். பீரங்கி எண்ணிக்கையும் இப்படித்தான், 1817க்கு முன்னாடி கரனேடுங்கிற குட்டை பீரங்கிகள கணக்குல சேக்க மாட்டாங்க. பம்பாயில தேக்குல கட்டி 1817ல எறக்குன எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, அதாங்க நம்ம திருகோணமலை பேரு வச்ச கப்பல், அதுக்கு ஒரு எடத்துல 38ன்னும் இன்னொரு எடத்துல 46ன்னும் வர்றது இதனாலதான், ரெண்டுமே சரி. அந்தக் கப்பல் இன்னும் ஹார்ட்டில்பூல்ல மிதந்துக்கிட்டு இருக்கு, அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா உள்ள ஏறி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, தளத்தோட உயரம் எவ்வளவு கம்மின்னு பாத்தாதான் புரியும்.

சண்டை ரிப்போர்ட்டுக்கு பிரிட்டிஷ் அரசாங்க வர்த்தமானியான லண்டன் கெசட் நெட்ல ஃப்ரீயா இருக்கு. கேப்டன் எழுதுன கடிதம் அப்படியே வரும், ஆனா ஜெயிச்சவங்க எழுதுனது, அதனால அதே நாளோட லாக் புக்கையும் பக்கத்துல வச்சுப் படிங்க. தேடுறப்போ எச்.எம்.எஸ்.ங்கிறத எடுத்துட்டு வெறும் பேரையும் கேப்டன் பேரையும் போடுங்க, 1790களுக்கு முன்னாடி அந்தச் சுருக்கம் புழக்கத்துலயே இல்ல.