எட்டரை மணிக்குத் தூக்கம்: அடி, மிரட்டல் இல்லாமல் பிள்ளையைப் படுக்க வைக்கும் முறை

இரவு பத்து மணிக்கு மூன்று வயதுப் பிள்ளை பாய்மேல் குதித்து ஆடிக்கொண்டிருந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளையின் குணத்தை அப்புறம் பார்க்கலாம். தூங்கும் நேரம் தாண்டிவிட்டால் பெரியவர்கள் சோர்ந்து சாய்வோம், சின்னப் பிள்ளைக்கு ஆட்டம்தான் கூடும். அதை அடங்காமை என்று எடுத்துக்கொண்டு கையை ஓங்குகிறோம். ஜெபிக்கிற கிறிஸ்தவ வீடுகளில் ஓங்கிய கைக்கு ஒரு பைபிள் வசனமும் துணைக்கு வந்துவிடுகிறது. அந்த வசனத்தைப் பிறகு பார்ப்போம்.

இங்கே சொல்வது 2 முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. தூளியில் கிடக்கும் கைக்குழந்தைக்கு இது பொருந்தாது.

முதல் படி: எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1–2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3–4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். எல்கேஜி வேனுக்காகக் காலை 6.30-க்கு எழுப்புகிறீர்கள், மதியம் ஒரு மணி நேரம் தூங்குகிறது என்றால் இரவில் பத்து மணி நேரமாவது தேவை. ஆக, 8.30-க்குக் கண் மூடியிருக்க வேண்டும்.

இப்போது 10.15-க்குத் தூங்கும் பிள்ளையை நாளைக்கே 8.30-க்குப் படுக்கப் போடாதீர்கள். தூக்கம் வராமல் புரளும், உங்களுக்குப் பொறுமை போகும். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். மூன்று வாரத்தில் வந்து சேரும். பெரும்பாலும் கோட்டை விடுவது காலையில்தான். ராத்திரி லேட்டாகத் தூங்கியதே, பாவம் என்று எட்டு மணி வரை விட்டால் அன்றைய இரவும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் 6.30தான்.

இரண்டாம் படி: சாயங்காலத்தைச் சரி செய்யுங்கள்

பகல் தூக்கம் 3.30-க்குள் முடியட்டும். நாலு மணி டீயில் பிள்ளைக்கும் அரை டம்ளர் ஊற்றும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. டீயில் இருக்கும் காஃபின் போதும், தூக்கத்தைத் தள்ளிப்போட. பாலாகக் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கு, ரசம் சாதமோ இளகக் கிண்டிய களியோ எதுவானாலும் சரி. 7.30-க்கு டிவியும் செல்போனும் வீடு முழுக்க நிற்க வேண்டும். ஆயா (பாட்டி) சீரியல் பார்க்கிற ஹாலிலேயே பிள்ளையைப் படுக்கச் சொல்வது நடக்காத காரியம். ஆயாவிடம் சண்டைக்குப் போகாமல், "நம்ம வீட்டுல கதை சொல்ல உங்களை விட்டா ஆள் இல்லை ஆயா" என்று கதை வேலையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

குடும்ப ஜெபம் அரை மணி நேரம் ஓடும் வீடு என்றால் அதைச் சாப்பாட்டுக்கு முன்னால், 6.30-க்கு வையுங்கள். செபமாலை சொல்லும் வீட்டில் மாலையின் முதல் பத்து மணி உருட்டி முடிந்ததும் சின்னதை எழுந்து போக விடலாம். முழங்காலில் தூங்கி விழும் பிள்ளையைத் தட்டி எழுப்பி முடிவுவரை உட்கார வைத்தால், ஜெபம் என்றாலே தண்டனை என்றுதான் அது படித்துக்கொள்ளும்.

ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிரில் பாதம் சில்லென்று இருந்தால் தூக்கம் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, சாக்ஸ் போட்டுவிடுங்கள். தருமபுரியில் சித்திரை வெயிலுக்குத் தகர ஷீட் வீடு எட்டு மணிக்கும் அனல் கக்கும். சாயங்காலமே கூரைமேல் தண்ணீர் தெளித்து, படுக்கும் இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அப்படியும் தணியாத வீட்டில் அந்த மாதம் மட்டும் ஒன்பது மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: 7.50 முதல் 8.30 வரை

7.50: பாத்ரூம், கை கால் கழுவல், பல் தேய்த்தல். பேஸ்ட் மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. பிறகு இரண்டு மடக்குத் தண்ணீர். இங்கேயே குடிக்க வைத்துவிட்டால் "தண்ணி வேணும்" என்ற முதல் சாக்கு போய்விடும்.

8.05: ட்யூப்லைட்டை அணைத்து ஜீரோ வாட்ஸ் பல்பு.

8.10: ஒரே ஒரு கதை. கோலியாத்தின் தலையை வெட்டுவது, எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாவது எல்லாம் பகலில் சொல்லுங்கள். இரவுக்கு ஏற்றது மாற்கு 4-ம் அதிகாரம்: புயலில் படகு ஆட, இயேசு தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். கடலைப் பார்க்காத பிள்ளைக்கு ஒகேனக்கல் பரிசல் போதும். பரிசல் சுற்றுகிற மாதிரி பிள்ளையை மடியில் வைத்து மெல்ல ஆட்டுங்கள். காற்றுச் சத்தத்தை வாயாலேயே ஊதுங்கள். இயேசு கடலைப் பார்த்து "இரையாதே, அமைதலாயிரு" என்கிற இடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் குரலைக் குறைத்துவிடுங்கள். அதோடு கதை முடிந்தது. "அதனால நீயும்..." என்று பாடம் ஆரம்பித்தால் பிள்ளை முழித்துக்கொள்ளும்.

8.20: ஜெபம், இரண்டு நிமிடம். இன்றைக்கு ஒரு நன்றி, ஒருவருக்காக ஒரு வேண்டுதல், ஆமென். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிகிற குணத்தைத் தாரும்" என்று பிள்ளை காதுபட ஜெபிப்பது, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவதுதான். பிறகு தலையில் கை வைத்து, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." எண்ணாகமம் 6:24. கத்தோலிக்க வீட்டில் நெற்றியில் சிலுவை அடையாளமும் போடுவார்கள். தினமும் அதே சொற்கள், அதே வரிசை. நாலைந்து வாரத்தில் அந்தக் கை பட்டதுமே கொட்டாவி வர ஆரம்பிக்கும்.

8.25: கண் முழுதாக மூடுமுன் தட்டிக்கொடுப்பதை நிறுத்துங்கள். தட்டியபடியே தூங்கிப் பழகினால், நடு ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வரும்போதும் அந்தக் கையைத் தேடும். ஒரே அறையில் எல்லோரும் பாய் போடும் வீட்டில் தனி அறை என்ற பேச்சுக்கே இடமில்லை, தேவையும் இல்லை. முதல் மூன்று இரவு பக்கத்தில் படுங்கள், அடுத்த மூன்று இரவு ஒரு கை தூரத்தில் உட்காருங்கள், அதற்கடுத்து சுவரோரம்.

நான்காம் படி: எழுந்து வந்தால் ஏலி செய்ததைச் செய்யுங்கள்

பைபிளில் 1 சாமுவேல் 3-ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். பிள்ளை சாமுவேல் ராத்திரியில் திரும்பத் திரும்ப எழுந்து ஓடி வருகிறான். வயதான ஆசாரியர் ஏலி எரிந்து விழவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. "என் மகனே, நான் உன்னைக் கூப்பிடவில்லை, திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்." மூன்றாம் தடவைதான், ஏதோ காரணம் இருக்கிறது, பிள்ளையைக் கூப்பிடுவது கர்த்தர் என்று புரிந்துகொள்கிறார்.

அதேதான் இங்கும். எழுந்து வந்தால் கையைப் பிடித்து நடத்திப்போய், "தூங்கற நேரம் கண்ணு, படுத்துக்கோ" என்று ஒரு வரி. மறுபடி வந்தால் அதே வரி, அதே குரல். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சொன்னால் பிள்ளைக்கு அது பேச்சுத்துணை ஆகிவிடும். மூன்றாம் தடவை வந்தால் ஏலியைப் போல் யோசியுங்கள்: வயிறு வலியா, மூக்கடைப்பா, ஆசனவாயில் அரிப்பா? ராத்திரி அரிப்பு என்றால் பெரும்பாலும் கீரிப்பூச்சி. டாக்டரிடம் காட்டினால் மாத்திரையில் சரியாகும். தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு வாங்கினாலும் காட்ட வேண்டும்.

மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு சீட்டு கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை உள்ளங்கை அளவு வெட்டி, பிள்ளையையே படம் வரையச் சொல்லுங்கள். அதைக் கொடுத்தால் ஒரே ஒரு தடவை எழுந்து வரலாம்: ஒரு முத்தம், ஒரு மடக்குத் தண்ணீர், இன்னொரு ஜெபம், எதுவும். சீட்டு தீர்ந்தால் காலையில்தான் திரும்பக் கிடைக்கும். செலவழிக்க மனமில்லாமல் சீட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு.

தொடங்கி மூன்று நாலு நாளில் அழுகை முன்னைவிடக் கூடலாம். முறை தோற்றதாக அர்த்தமில்லை. இதுவரை பலித்த அழுகையை இன்னும் சத்தமாக முயன்று பார்க்கிறது. அந்த இரவில் பத்து நிமிடம் கழித்துச் செல்போனை நீட்டினால், பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும்.

சரி, பிரம்பு?

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழிகள் 13:24-ஐ அப்படியே கைக்கொள்ளும் பெற்றோர் உண்டு. பைபிள் சொல்லும் சிட்சை, அதாவது கண்டிப்பு, நடத்திப் பழக்குவதுதான் என்று வாசிப்பவர்களும் உண்டு. அங்கே பிரம்பு என்று வரும் எபிரெயச் சொல் ஷேபெத். சங்கீதம் 23-ல் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்கிற இடத்தில் கோல் என்பதும் அதே சொல்தான். மேய்ப்பன் கையில் இருப்பது. எபேசியர் 6:4-ம் சிட்சையைச் சொல்லும் அதே மூச்சில் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே என்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும், படுக்கையில் அடிப்பது வேலைக்கு ஆகாது. அடி விழுந்ததும் நெஞ்சு படபடக்கும், உடம்பு விழித்துக்கொள்ளும். அழுது ஓய்ந்து தூங்கினாலும் படுக்கை பயத்துக்குரிய இடமாகிவிடும். பைபிளில் எலியா தீர்க்கதரிசி, தான் சாக வேண்டும் என்று புலம்பியபோது தேவதூதன் முதலில் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்க விட்டான், பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். பகலில் செய்த தப்பைப் பகலிலேயே பேசி முடியுங்கள்.

"இயேசப்பா கண்ணைக் குத்திடுவார்", "சாத்தான் வந்துருவான்" என்பதும் பிரம்புதான், தழும்பு வெளியே தெரியாது, அவ்வளவே. தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிள்ளை கண் திறந்தபடி அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் உதறினால் அதற்குப் பெயர் இரவு அலறல். எழுப்பாதீர்கள், எண்ணெய் பூசி உலுக்காதீர்கள். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். சில நிமிடத்தில் அடங்கும், காலையில் அதற்கு நினைவே இருக்காது.

ஷிப்ட் வீடும் கூட்டமும்

ஓசூர் சிப்காட்டில் மதியம் இரண்டு மணி ஷிப்ட் முடித்து அப்பா இரவு 10.30-க்கு வருகிற வீட்டில், "அப்பா வரட்டும்" என்று பிள்ளை முழித்திருக்கும். அந்த வாரம் ஆசீர்வாதத்தை அப்பா வாய்ஸ் மெசேஜாக அனுப்பட்டும். படுக்கும்போது திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்க விடுங்கள். நேரில் கொஞ்சுவது காலை 6.30-க்கு. எழுந்திருக்க அப்பாவுக்குத்தான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கு ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ் நடுராத்திரி டிரம்ஸோடு வாசலுக்கு வரும். வாலிபர் சங்கத்துப் பையன்களிடம் முதல் வாரமே, "தம்பி, எங்க தெருவை முதல்ல முடிச்சிருங்க, எட்டு மணிக்குள்ள வந்தா கேக் உண்டு" என்று சொல்லிவையுங்கள்.