நினைவிழந்து வரும் நோயாளியை அணுகும் முறை

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நினைவிழந்த நிலையில் ஒருவர் கொண்டுவரப்படும்போது, 'குடித்திருக்கிறார்', 'ஏற்கெனவே வலிப்பு உண்டு', 'பக்கவாதமாம்' என்று யாரோ சொன்ன ஒரு காரணமும் அவருடனேயே வந்துவிடுகிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஆனால் அதையே நோய் முடிவாக ஏற்றுத் தேடலை நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பிரிவில் நேரும் தவறுகளில் இதைவிடக் கொடியது இல்லை என்றே நான் கருதுகிறேன்.

காரணத்தை ஆராயும் முன் மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் ஆகியவற்றை இதே வரிசையில் சரிபார்க்க வேண்டும். கீழே விழுந்திருப்பாரோ என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னோக்கித் தூக்கி, வாயில் தேங்கியிருக்கும் வாந்தியையும் எச்சிலையும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

அடுத்த நொடியே விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள். தாழ்சர்க்கரை ஒரு பக்கக் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும். வலிப்பையும், குடிபோதை போன்ற உளறலையும் உண்டாக்கும். அளவு ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், வயது வந்தவருக்கு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கரைசலைச் சிரை வழியாகச் செலுத்தி, 15 நிமிடங்களில் மீண்டும் பாருங்கள். அந்தக் கரைசலின் 250 மில்லிலிட்டரில் 25 கிராம் குளுக்கோஸ் சேரும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்பவர் கண் விழித்துப் பேசினாலும் அவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது, ஏனெனில் அம்மருந்துகளின் விளைவு நீடித்துச் சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும்.

நினைவு நிலையைக் குறிக்க, 1974இல் வெளியான கிளாஸ்கோ அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. 3 முதல் 15 வரையிலான மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதாமல் கண், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதினால்தான், அடுத்து வருபவருக்கு எது சரிகிறது என்பது புலப்படும். கண்மணிகள் இரண்டும் ஊசிமுனைபோல் சுருங்கியிருந்தால் மார்பின் போன்ற ஓபியாய்டு மருந்துகளை நினைக்க வேண்டும். அத்துடன் வியர்வையும் எச்சிலும் பெருகினால் பூச்சிக்கொல்லி நஞ்சை நினைக்க வேண்டும். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்து கொடுத்து விழித்தவர், அதன் வேகம் குறைந்ததும் மறுபடியும் மூச்சடங்கிப்போகக்கூடும் என்பதால் அவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மது வாடை வீசுபவரின் மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். நேரம் செல்லச் செல்ல அவர் தெளியாவிட்டால், போதை என்ற விளக்கம் பொருந்தவில்லை என்று கொண்டு தலைக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இதற்கிடையே ஒருவர் உறவினரைத் தனியே அமரவைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். நினைவிழந்த நிலையில் எப்போது கண்டார்கள் என்பதைவிட, கடைசியாக எப்போது நலமாகப் பார்த்தார்கள் என்பதே முதன்மையானது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான 4.5 மணி நேரம் அந்த நொடியிலிருந்தே எண்ணப்படுகிறது. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பணி மாறும்போது, கண்டறிந்தவற்றோடு இன்னும் விலக்கப்படாத காரணங்களையும் எழுதி ஒப்படையுங்கள்.