கொம்பியூட்டர் ஃபான் இரைஞ்சா செய்யக்கூடாத வேலையள்

கொம்பியூட்டர் இரையத் தொடங்கினா எங்கட பக்கம் கன பேர் முதல்ல செய்யிறது ரெண்டு வேலை. ஒண்டு, கேசிங்குக்கு, அதாவது வெளிப்பெட்டிக்கு, கையால ஒரு தட்டு. மற்றது, சைட் மூடியக் கழட்டிச் சுவரில சாத்திப்போட்டு மேசை ஃபானை உள்ளுக்கு அடிக்க விடுறது. ரெண்டையும் செய்யாதேங்கோ. தட்டினா சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும் தான், ஆனா அந்த நேரம் உள்ளுக்க ஹாட் டிஸ்க்கும் சுத்திக்கொண்டிருக்கும், அதின்ர வாசிக்கிற முனை சுத்துற தட்டில முட்டாமல் தலைமயிரை விடச் சின்ன இடைவெளியில மிதந்துகொண்டு நிக்கிறது, அதுக்கு அதிர்ச்சி குடுத்தா பிள்ளையின்ர ஏஎல் ப்ரொஜெக்ட்டும் கலியாணவீட்டுப் படங்களும் ஒண்டாப் போகும்.

மூடியக் கழட்டி விடுறது இன்னும் மோசம், அதுவும் வன்னியில. வைகாசி தொடங்கி புரட்டாசி மட்டும் கச்சான் காத்து அடிக்கிற காலம் கிறவல் ரோட்டுப் பக்கம் வீடு வைச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும், காலமை துடைச்ச மேசையில பின்னேரம் விரலால பேர் எழுதலாம். மாசி பங்குனியில வெட்டு மெசின் வயலுக்க இறங்கினா பதரும் தூசியும் தனி. அது முழுக்க நேர மதர்போட்டில, எல்லாச் சாமானும் கொழுவியிருக்கிற பெரிய பலகையில, படியும், பல்லி போய் முட்டை இடும், குளவி மண்கூடு கட்டும். காத்துப் போற வழியும் குழம்பிப்போகும். மூடி பூட்டியிருந்தாத் தான் முன்னால குளிர்காத்த இழுத்து எல்லாச் சாமானுக்கு மேலாலயும் கொண்டுபோய் பின்னால சுடுகாத்தா தள்ளும், கேசிங்க அப்பிடித்தான் வடிவமைச்சிருக்கிறாங்கள்.

இன்னொரு பெரிய பிழை இருக்கு, மற்றப் பிழையள் கனக்க அதில இருந்து தான் வருது: இரையிற ஃபான் எண்டா பழுதான ஃபான் எண்டு முடிவு கட்டுறது. கன நேரம் ஃபானில ஒரு குறையும் இருக்காது. உள்ளுக்க சூடு கூடிப்போச்சு, மதர்போட் அதப் பாத்து ஃபானைக் கூட வேகத்தில சுத்தச் சொல்லுது, அது சொன்னபடி சுத்துது. அப்ப நீங்கள் ஃபானை மாத்தினா புது ஃபானும் அதே மாதிரித் தான் இரையும், காசும் போய் நாளும் மினக்கெட்டது தான் மிச்சம். அதனால சத்தத்த எப்பிடி நிப்பாட்டுறது எண்டு யோசிக்க முதல் என்ன மாதிரிச் சத்தம், எதில இருந்து வருது, எப்ப வருது எண்டு கொஞ்ச நேரம் இருந்து காது குடுத்துக் கேளுங்கோ.

காத்து அடிக்கிற மாதிரி ஒரே சீரா ஹோ எண்டு இரைஞ்சா, அதுவும் வேலை குடுக்கேக்க கூடி சும்மா இருக்கேக்க குறைஞ்சா, அது வேகம், காரணம் சூடு. டிக் டிக் டிக் எண்டு அடிச்சா எங்கயோ ஒரு வயர் இதழில தட்டுது, வயரை ஒதுக்கிக் கட்டினா முடிஞ்சுது, ஒரு சாமானும் வாங்கத் தேவையில்ல. கேசிங்கக் கையால அமத்திப் பிடிக்க நிண்டுபோற ர்ர்ர் எண்ட அதிர்வு எண்டா ஸ்குரூ தளர்ந்திருக்கு, இல்லாட்டி மூடி சரியாப் பூட்டுப்படேல்ல. காலமை போட்ட உடன கரகரத்து ஒரு பத்து நிமிசத்தில தானா அடங்கினா அது பேரிங்கில ஒயில் வத்திப்போன சத்தம், சூடாக மிச்ச ஒயில் இளகிறதால அடங்குது, அடங்கிப்போச்சு தானே எண்டு விட்டா ஒரு நாள் சுத்தாமலே நிக்கும். எப்பவும் ஒரே மாதிரி அரைபடுற சத்தம் எண்டா பேரிங் தேஞ்சு முடிஞ்சுது.

சில சத்தம் ஃபானே இல்ல. டக்... டக்... எண்டு விட்டு விட்டு வந்தா, அதோட கொம்பியூட்டரும் இடைக்கிடை இறுகி நிண்டா, ஹாட் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கோ. உடன தேவையான ஃபைலுகள வேற ஒண்டில கொப்பி பண்ணிப்போட்டுப் பிறகு மிச்சத்தப் பாக்கலாம். சத்தத்த ஆராயிறன் எண்டு மணிக்கணக்கா ஓட விட்டுக்கொண்டிருக்கிறது இந்த இடத்தில செய்யக்கூடாத வேலை. நுளம்பு மாதிரி ஈ எண்டு மெல்லிசா வாற சத்தம் கரண்ட் சுருளில இருந்து வாறது, அதுக்கு ஒயிலும் பிரஷும் உதவாது.

எந்த ஃபான் எண்டு தெரியாமல் கண்ணில பட்டதக் கழட்டுறதும் வழமையா நடக்கிறது. ஒரு சாதாரண மெசினிலயே சிபியு எண்ட கணக்குப் பாக்கிற சிப்புக்கு மேல ஒண்டு, பின்பக்கம் ஒண்டு, லைன் கரண்டைக் குறைச்சுக் குடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிக்குள்ள ஒண்டு எண்டு மூண்டு இருக்கும், படம் காட்டுற கிராபிக்ஸ் கார்ட் தனியாப் போட்டிருந்தா அதிலயும் இருக்கும். மெசினை ஓட விட்டு, மூடியத் திறந்து, ஒவ்வொரு ஃபானா நடுவில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற அந்தக் குமிழில காது துடைக்கிற குச்சியின்ர பஞ்சுப் பக்கத்த மெல்லமா அமத்தி ரெண்டு மூண்டு செக்கன் நிப்பாட்டிப் பாருங்கோ, எது நிக்கேக்க சத்தம் நிக்குதோ அது தான் ஆள். இதழுக்குள்ள விரலையோ ஸ்குரூ டிரைவரையோ விடாதேங்கோ, இதழ் உடையும், ஒரு இதழ் உடைஞ்சாலே சமநிலை போய் முழு ஃபானும் அதிரும். சிபியு ஃபானை வயர் கழட்டி வைச்சிட்டு மெசினை ஓட்டிச் சோதிக்கவும் வேண்டாம், கன மதர்போட் அப்பிடி ஸ்டார்ட் பண்ண விடாது, விட்டாலும் சூடு சர்ரெண்டு ஏறும். பவர் சப்ளைக்குள்ள இருக்கிறத பின்பக்க ஓட்டையில காது வைச்சுக் கேட்டாக் காணும்.

பவர் சப்ளை எண்டதும் ஒண்டு சொல்லோணும், இதில விளையாட்டு இல்ல. எங்கட லைன் 230 வோல்ற், உள்ளுக்க கரண்டைச் சேத்து வைக்கிற பெரிய கப்பாசிட்டருக்கு அது 325 வோல்ற் கிட்ட ஏறி நிக்கும், பிளக்கைக் கழட்டினாப் பிறகும் கொஞ்ச நேரம் அந்த சார்ஜ் உள்ளுக்கயே கிடக்கும். ஃபானுக்கு ஒயில் விடத்தானே எண்டு அந்தப் பெட்டியத் திறந்து கை வைச்சா உயிர் ஆபத்து. அந்த ஃபான் கத்தினா வெளியால தூசியத் தட்டுங்கோ, அதோட சரிவராட்டி பவர் சப்ளைய மாத்துங்கோ, இல்லாட்டி வேலை தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ. வீட்டில திறக்கவே வேண்டாம். மற்ற ஃபானுகள் 12 வோல்ற் டீசி, அந்தப் பயம் இல்ல, ஆனாலும் குச்சியால நிப்பாட்டிப் பாக்கிற அந்தச் சோதினையத் தவிர மிச்ச எல்லா வேலைக்கும் பிளக்கைக் கழட்டி பவர் பட்டனை ஒருக்கா அமத்திப் பிடிச்சு விட்டுத் தான் கை வைக்கோணும்.

இனித் தூசி. சத்தத்துக்குக் காரணம் சூடு எண்டு கண்டா பத்துக்கு எட்டுத்தரம் சிபியு ஃபானுக்குக் கீழ இருக்கிற அலுமினியச் செட்டையளுக்க தூசி கம்பளி மாதிரி அடைச்சுக்கொண்டிருக்கும். ஃபானுக்கு மேலால மட்டும் துடைச்சுப்போட்டு கிளீன் பண்ணிப்போட்டன் எண்டு சொல்லுறது இஞ்ச நடக்கிற பிழை, ஃபானைக் கழட்டிக் கீழ பாத்தாத் தான் விசயம் தெரியும். அடுத்தது, மெசினைக் காவிக்கொண்டுபோய் ஒட்டுக்கடையில ரயருக்குக் காத்தடிக்கிற கொம்ப்ரெசரால அடிக்கிறது. அந்தத் தாங்கிக்குள்ள தண்ணியும் ஒயிலும் தேங்கி நிக்கும், காத்தோட சேந்து அது மதர்போட்டில தெளிக்கும். அதோட அந்தக் காத்தில ஃபான் தன்ர வேகத்த விடப் பல மடங்கு சுத்தும், விசில் மாதிரிக் கேக்கும், சின்னப் பிள்ளையளுக்கு அது நல்ல முசுப்பாத்தி, ஆனா பேரிங் அதோட தேஞ்சுபோகும், தூசி எடுக்கப்போய் சத்தத்த வாங்கிக்கொண்டு வாறது தான் நடக்கும். கை புளோவரால அடிச்சாலும் ஃபானை விரலால பிடிச்சுக்கொண்டு அடியுங்கோ.

நுளம்புத்திரியும் சாம்பிராணியும் தினம் கொளுத்துற அறையில இருக்கிற மெசின் எண்டா வெறுங்காத்துக்குத் தூசி போகாது, புகையால இதழில ஒரு பிசுபிசுப்பு ஏறி அதுக்கு மேல தூசி பிடிச்சிருக்கும், ஒரு இதழில கூட ஒரு இதழில குறைய எண்டு பிடிச்சா அதாலயே அதிரும். காய்ஞ்ச பெயின்ற் பிரஷால ஒவ்வொரு இதழா ரெண்டு பக்கமும் துடைக்கோணும், போகாட்டி பார்மசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில தொட்டுத் துடைக்கலாம். ஃபானைத் தண்ணியில கழுவ வேண்டாம், நடுவில மோட்டர் இருக்கு. கொமினிகேசன் கடை வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு, போட்டோக்கொப்பி மெசின் சுடுகாத்துத் தள்ளுற பக்கத்தில கொம்பியூட்டரை வைக்காதேங்கோ, பேப்பர்த் தூசியும் சூடும் ஒண்டா உள்ளுக்க போகும். வீட்டில எண்டா நிலத்தில வைக்காமல் ஒரு ஸ்டூலில ஏத்தி வைச்சாலே தூசி குறையும். மூடுற துணிய நிப்பாட்டின உடன போடாமல் ஆறவிட்டுப் போடுங்கோ.

ஒயில் விடுறது தான் எங்கட ஆக்கள் ஆகலும் பிழை விடுற இடம். தேங்காயெண்ணெய் விடாதேங்கோ. விட்ட உடன சத்தம் நிக்கும், அதால தான் எல்லாரும் நம்பியினம், ஆனா அது 24 பாகைக்குக் கீழ இறுகத் தொடங்கும், மார்கழி தை விடியக்காலமை குளிருக்கு ஃபான் சுத்தக் கஸ்டப்படும், நாள் போகப் போக தூசியோட சேந்து பிசின் மாதிரி ஆகிடும். டபிள்யூடி 40 அடிக்கிற ஆக்களும் இருக்கினம், அது துரு இளக்கவும் இறுகின ஸ்குரூ கழட்டவும் நல்ல சாமான், ஆனா கெதியாக் காய்ஞ்சிடும், கிடந்த ஒயிலையும் கரைச்சுக் கொண்டு போயிடும். கிறீஸ் தடிப்பு, சின்ன மோட்டருக்கு அது பாரம். தையல் மெசினுக்கு விடுற ஒயில் தான் இதுக்குச் சரி, வீட்டுக்கு வீடு தையல் மெசின் இருக்கிற ஊரில அது கிடைக்காத சாமானும் இல்ல.

விடுற முறையும் இருக்கு. ஃபானைக் கழட்டி, நடு ஸ்டிக்கரை கிழியாமல் ஒரு பக்கத்தால உரிச்சு, கீழ சின்ன ரப்பர் மூடி இருந்தா அதையும் எடுத்து, ஒரு துளி, கூடினா ரெண்டு துளி. இதழச் சுத்தி ஓடுற அளவுக்கு ஊத்தினா ஒயில் சிதறி மதர்போட்டில படும், ஸ்டிக்கரும் திரும்ப ஒட்டாது, ஸ்டிக்கர் இல்லாட்டி கொஞ்ச நாளில தூசி பேரிங்குக்க இறங்கும். விட்டிட்டு விரலால கொஞ்ச நேரம் சுத்தி, விளிம்பைத் துடைச்சுப்போட்டு ஸ்டிக்கரை ஒட்டுங்கோ. இது எல்லாம் குண்டு இல்லாமல் குழாய்க்குள்ள தண்டு சுத்துற சாதாரண ஸ்லீவ் பேரிங்குக்கு. குண்டு பேரிங் அரைபடத் தொடங்கினா ஒயில் விட்டுப் பிரயோசனம் இல்ல, இதழப் பிடிச்சு ஆட்ட அங்கயும் இஞ்சயும் ஆடுற ஃபானுக்கும் அதே கதை தான், மாத்துறது தான் வழி.

சிபியு ஃபானைக் கழட்டேக்க கீழ இருக்கிற அலுமினியக் கட்டியையும் சேத்துத் தூக்கினா சிபியுவின்ர சூட்டைக் கட்டிக்குக் கடத்துற தேர்மல் பேஸ்ட் புதுசாப் போட்டே ஆகோணும், பழசோட திரும்ப வைச்சு அமத்தினா இடையில காத்து நிண்டு முந்தினதை விடச் சூடாகும். பழசை ஸ்பிரிட்டால துடைச்சுப்போட்டு நடுவில ஒரு கடலைப் பருப்பளவு வைச்சாக் காணும். பழைய ஏஎம்டி மெசின் எண்டா நேர இழுக்காதேங்கோ, பேஸ்ட் இறுகி சிபியுவும் சேந்து சொக்கெட்டை விட்டு வரும், பின் வளையும், கொஞ்ச நேரம் மெசினை ஓட்டிச் சூடாக்கி நிப்பாட்டிப்போட்டு மெல்லமாத் திருகி எடுங்கோ.

எல்லாம் செய்தும் ஃபான் போட்ட நேரம் தொட்டு முழு வேகத்தில ஓடுதெண்டா, மெசின் போடேக்க திகதியும் நேரமும் பிழையாக் காட்டுதோ எண்டு பாருங்கோ. மதர்போட்டில இருக்கிற சிஆர் 2032 பட்டரி செத்திருக்கும். வேலை முடிய பிளக்கைக் கழட்டி வைக்கிறது எங்கட பக்கம் வழக்கம், இடி மின்னல் காலத்தில அப்பிடிச் செய்யத்தான் வேணும், ஆனா பட்டரி செத்த மெசினில ஒவ்வொரு முறையும் பயோஸ் (மெசின் போட்ட உடன மதர்போட்டில முதல்ல ஓடுற புரோகிராம்) செட்டிங் அழிஞ்சு பழையபடி ஆரம்பத்துக்குப் போகும், ஃபான் வேகத்துக்கு வைச்சதும் சேந்து போகும். பட்டரிய மாத்திப்போட்டு பயோஸுக்க போய்ப் பாருங்கோ. 3 பின் ஃபானை (வயர் முனையில மூண்டு ஓட்டை இருக்கிறது) கொழுவிப்போட்டு பயோஸில 4 பின் ஃபானுக்குரிய பிடபிள்யூஎம் எண்டு விட்டிருந்தா அது எப்பவும் முழு வேகம் தான் சுத்தும், டீசி எண்டு மாத்தோணும். அங்கயே சூட்டின்ர அளவும் காட்டும். வெளிநாட்டு வீடியோவில 30 பாகை காட்டுது எனக்கு ஏன் 45 எண்டு கவலைப்படாதேங்கோ, எங்கட வெக்கைக்கு அறையே 33, 34 பாகையில நிக்கேக்க ஃபானால அதுக்குக் கீழ குளிர்த்தாட்ட ஏலாது. வேலை குடுக்கேக்க 90ஐத் தாண்டினா கட்டாயம் யோசிக்கோணும். சத்தம் கேக்கக்கூடாதெண்டு வேகத்தக் குறைச்சு வைச்சுப்போட்டு சூட்டைப் பாக்காமல் விடுறதும் தட்டி அடக்கிறதும் ஒண்டு தான்.

புது ஃபான் வாங்க புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கத்தில இருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறுற ஆக்கள் தயவுசெய்து பழைய ஃபானைக் கையோட கொண்டு போங்கோ. சட்டத்தின்ர ஒரு பக்க நீளம் 80, 92, 120 மில்லிமீற்றர் எண்டு இருக்கும், ஸ்டிக்கரில 12 வோல்ற் எண்டதும் எத்தினை அம்பியர் எண்டதும் இருக்கும், 3 பின்னா 4 பின்னா எண்டதும் பாக்கோணும். பாவிச்ச ஒபிஸ் மெசின் வாங்கியிருக்கிற ஆக்கள் கூடக் கவனம், டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரியான மெசினுகளில சில மொடலுக்கு 5 பின் கொழுவி, கடையில தொங்குற சாதாரண ஃபான் அதுக்குச் சேராது.

பூட்டேக்க பக்கம் மாறிப் பூட்டுறது கடைசிப் பிழை. சட்டத்தில மோட்டரைத் தாங்கிற கம்பியள் இருக்கிற பக்கத்தால தான் காத்து வெளியால வரும். பூட்டி முடிய மெசினைப் போட்டு ஒரு துண்டு ரிசு பேப்பரைக் கிட்டப் பிடியுங்கோ, முன்பக்கம் ஒட்டோணும், பின்பக்கம் தள்ளோணும், மாறியிருந்தா பிளக்கைக் கழட்டிப்போட்டு நாலு ஸ்குரூவையும் கழட்டித் திருப்பிப் பூட்டுங்கோ.